அம்சத்தின் ஜாமும் இளையபெருமாளின் கண்ணும்

அம்சத்துக்கு எரிச்சல் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தால் வரும். போனில் பேசுகிறவர்கள் "அப்புறம்" என்று இழுத்தால் வரும். ஐம்பதைத் தாண்டினால் குறையும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள், தாண்டியும் குறையவில்லை. அதற்குக் காரணம் தன் புருஷன்தான் என்பது அவள் கட்சி. அந்த மனுஷனோ குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. இளையபெருமாளிடம் இருந்த ஒரே குறை, அம்சம் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடுவது. "நெல்லு காயுது, ஆடு வந்தா வெரட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போனால் ஆட்டை ஒழுங்காக விரட்டுவார். மழை வந்தால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை அல்லவா. நனைந்த நெல்லை அள்ளிக்கொண்டே அவள் கத்துவாள்; அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னாலாவது சண்டை ஒரு முடிவுக்கு வரும். அவர் சொல்லவே மாட்டார்.

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி ரோட்டில் போய், ஒரு வாய்க்கால் பாலத்தில் இறங்கி உள்ளே நடந்தால் இவர்கள் வீடு. இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள், கட்டுத் தூக்கியவர்கள். இளையபெருமாள் இளவட்டமாக இருக்கும்போதே டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். மற்றவர் வண்டியை ஓட்டி, பிறகு பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அதன்பின் வாய்க்காலை ஒட்டிக் கொஞ்சம் நஞ்சையும் வாங்கினார். மகள் பூவிழியை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தார். அவள் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இளையபெருமாள் சேறு கலக்கிவிட்ட வயலில் மேடு பள்ளம் இருக்காது, கால் ஒரே சீராக இறங்கும் என்று நடவுக்கு வரும் பெண்கள் சொல்வார்கள். சம்பா உழவுக்கு அவரைத்தான் முதலில் கேட்பார்கள். அம்சம் வெளியே சொல்லிக்கொள்ளமாட்டாளே தவிர, இதில் அவளுக்கு நிறையவே பெருமை.

அந்த மனுஷன்தான் போன ஐப்பசியில், குறுவை அறுத்தபின் நடக்கும் தாளடி உழவில் வரப்பு எது வயல் எது என்று தெரியாமல், வண்டியை வரப்பில் ஏற்றி வாய்க்காலில் இறக்கிவிட்டார். அடி ஒன்றும் படவில்லை. முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் நிற்க, மெதுவாக இறங்கி, நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு நடந்து வந்து, சாவியை அம்சத்தின் கையில் கொடுத்தார். "இனிமே சரிவராது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஊர்க்காரர்கள் வண்டியை இழுத்துக் கொட்டகையில் விட்டார்கள். சாவி அடுக்களை ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்சத்துக்குக் கவலை வரும். கவலை வந்தால் அவளுக்கு அது எரிச்சலாகத்தான் வெளியே வரும்.

சித்திரையில் தஞ்சாவூருக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார்.

"வலது கண்ணு நல்லா முத்திடுச்சு. எடுத்துட்டு லென்ஸ் வச்சா தெளிவாத் தெரியும். ஆனா சுகர் இவ்ளோ இருக்கையில கத்தி வைக்க முடியாதும்மா. புண்ணு ஆறாது. சீழ் வச்சா கண்ணே போயிடும். குறைச்சுக் கூட்டிட்டு வாங்க. ரொம்பவும் தள்ளிப் போடாதீங்க, இன்னும் முத்துனா ஆபரேஷனே கஷ்டம்."

காலைக்கு ஒரு மாத்திரை, ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆவணி பிறந்தால் சம்பா உழவு. அதற்குள் ஒரு கண்ணாவது தெரிந்தாக வேண்டும் என்று அம்சம் முடிவு கட்டிக்கொண்டாள்.

முடிவு கட்டினால் அவள் சும்மா இருக்கமாட்டாள். அடுக்களையில் சர்க்கரை டப்பா இருந்த இடம் காலியானது. சோறு பாதியானது. விடிந்ததும் வெந்தயத் தண்ணீர், சாயங்காலம் சுண்டல். மாம்பழக் காலத்தில் மாம்பழம் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பாலத்து டீக்கடைக்குப் போய், "இவருக்கு சக்கரை போட்டு டீ குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, பாய்லரத் தூக்கி வாய்க்கால்ல போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் சிரித்தார், ஆனால் அன்றிலிருந்து போடவில்லை. இளையபெருமாள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். காலையிலும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலும் சுவரைத் தடவிக்கொண்டு கொட்டகைக்கு ஒரு நடை போய்வருவார். வண்டியைத் தொட்டுப் பார்க்கப் போகிறார் என்று அம்சம் நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் பின்னாலேயே போய் நிற்கிறவள், அங்கே மட்டும் போகவில்லை. பார்த்தால் தாங்காது என்று விட்டுவிட்டாள்.

இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்ததுதான் ஜாம்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாவல் மரம். ஆனி பிறந்தால் அது உதிர்க்க ஆரம்பிக்கும். தகரத்தில் விழும், காயப்போட்ட துணியில் விழும், டிராக்டர் சீட்டில் விழும். மிதித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் தரையெல்லாம் ஊதா. காக்கையும் மைனாவும் தின்றுவிட்டுப் போடுவதைச் சொல்லவே வேண்டாம். "வெட்டிப் போடுங்க இத" என்று ஒவ்வொரு ஆனியிலும் அம்சம் சொல்வாள். இளையபெருமாள் எழுந்துபோய்க் கோடாலியை எடுப்பார். "ஒடனே கெளம்பிடுவீங்களே" என்று அவளே பிடுங்கி உள்ளே வைப்பாள்.

மகளிர் குழுத் தலைவி சுடர்விழி சின்னப் பெண், எதைப் பார்த்தாலும் சூப்பர் என்பாள். "மரத்தையே வச்சிக்கிட்டு பழத்தத் தரையில விடுறீங்களேக்கா" என்று சொல்லி, தஞ்சாவூரில் நடந்த பழப் பயிற்சிக்கு அம்சத்தை இழுத்துப் போனாள். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் அன்னாசியில் ஜாம் செய்து காட்டினாள். நாவல் பழத்தில் எப்படி என்று கேட்டதற்கு, "அதே மாதிரிதாம்மா" என்றாள்.

அதே மாதிரி இல்லை. அன்னாசிக்குக் கொட்டை கிடையாது. நாவல் பழத்தைக் கழுவி, ஒவ்வொரு பிடியாகக் கையால் பிசைந்து, கொட்டையைப் பிதுக்கி எடுப்பதற்குள் அம்சத்துக்கு இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்குள் சர்க்கரை கூடாது என்று அவளே சட்டம் போட்டிருந்ததால், கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் கல் அடுப்பு மூட்டினாள். சர்க்கரை மூட்டையும் அங்கேயே. பழக்கூழ் எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை, எலுமிச்சம்பழம் இரண்டு பிழிந்து, அகலக் குண்டானில் போட்டுத் துடுப்பால் கிண்டினாள்.

அதிரசப் பாகு பிடிப்பதில் அந்தத் தெருவில் அம்சத்துக்கு நிகர் கிடையாது. தீபாவளிக்கு நாலு வீட்டில் அவளைக் கூப்பிட்டுத்தான் பாகு இறக்குவார்கள். அந்தக் கை சும்மா இருக்குமா. கொதிக்கிற ஜாமில் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினாள். உருளவில்லை. இன்னும் கிண்டினாள். வெள்ளைக் கோட்டுக்காரி தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்க்கச் சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும், அவள் அதிரசம் சுட்டிருப்பாளா என்று தள்ளிவிட்டாள். சொட்டு உருண்டு வந்ததும் இறக்கிப் பாட்டிலில் ஊற்றினாள். ஆறிய பிறகு சுடர்விழி வந்து கரண்டியை விட்டாள். கரண்டி பாதி போய் நின்றது. வெளியே வரவில்லை. இருவரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள்.

"சூப்பர்க்கா. ஆனா இது ஜாம் இல்லக்கா, மிட்டாய்."

அடுத்த தடவை பயந்துபோய்ச் சீக்கிரம் இறக்கினாள். அது ரசமாக ஓடியது. மூன்றாவது தடவைதான், முழுக்கப் பழுக்காத செங்காய்களையும் ஒரு பிடி சேர்த்து, எவர்சில்வர் தட்டில் சொட்டு விட்டு, ஆறியதும் சாய்த்துப் பார்த்தாள். ஓடாமல் நின்றது. விரலால் தள்ளினால் மேலே லேசாகச் சுருங்கியது. வெள்ளைக் கோட்டுக்காரி சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே, அந்த எரிச்சல் அவளுக்கு இரண்டு நாள் இருந்தது.

ஜாம் வந்ததோ இல்லையோ, கை போய்விட்டது. மணிக்கட்டு வரைக்கும் ஊதா. சோப்பு, எலுமிச்சை, புளி, எதற்கும் அசையவில்லை. ஒரு பூச்சு மங்குவதற்குள் அடுத்த கூடை பழம் வந்து நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். "என்னா ஆச்சு கைக்கு" என்று தெருவில் கேட்காதவர் கிடையாது. வீட்டில் இருந்த ஒருத்தர் மட்டும் கேட்கவில்லை. அவர் எதைத்தான் கேட்டார் என்று அவளும் விட்டுவிட்டாள். குண்டானில் அடியோடு ஒட்டியதை மட்டும் ஒவ்வொரு தடவையும் வழித்து, ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொட்டகை அலமாரியில் வைத்தாள். பூவிழி வந்தால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்வாள்.

மகளிர் குழுக்களின் கண்காட்சி நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இளையபெருமாளை வீட்டில் தனியாக விடப் பயந்து, அவரையும் கூட்டிப்போய் ஸ்டாலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். கையில் ஒரு துணியைக் கொடுத்து, "பாட்டிலத் தொடச்சுத் தொடச்சுக் குடுங்க" என்றாள். அவர் ஏற்கெனவே துடைத்ததையும் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையெல்லாம் ஒரு பாட்டில்கூட நகரவில்லை. வந்தவர்கள் கேட்ட கேள்விகளை அம்சம் இன்றைக்கும் மறக்கவில்லை. "இது என்னாங்க, வண்டிக்குப் போடுற கிரீஸா?" "ஊறுகாயா? காரமே இல்லியே." "சோத்துல போட்டுப் பெசயலாமா?" ஒருவர் சுவை பார்க்கக் கொடுத்ததை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஸ்டாலில் முறுக்கு வாங்கிக்கொண்டு போனார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்ற சமயத்தில்தான், மஞ்சப்பையோடு வந்த ஒரு பெரியவர், "சக்கரை உள்ளவன் இதத் திங்கலாமா" என்று கேட்டார்.

"நாவப்பழம்ங்க" என்றாள் அம்சம், இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து. "நாவப்பழம் சக்கரைக்கு நல்லதுன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

பெரியவர் இரண்டு பாட்டில் வாங்கினார். பின்னாலேயே ஒரு அம்மா வந்து, "சக்கரைக்கு நல்லதாமே" என்றாள். அம்சம் ஆமாம் என்றாள். கொட்டகையில் இருந்த சர்க்கரை மூட்டை அவள் நினைப்பில் வராமல் இல்லை. வந்தது. ஆனால் பாட்டில் நகர ஆரம்பித்திருந்தது, சுடர்விழி சூப்பர் சூப்பர் என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள், ஆளுக்கு ஒரு கரண்டி தொட்டுக்கொள்வதில் என்ன வந்துவிடும் என்று தள்ளிவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல, சக்கரைக்கு நல்லது, சக்கரைக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னால் இளையபெருமாள் பாட்டிலைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

அதன்பின் ஜாமுக்குக் குறைவில்லை. கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் ஜெக்கரியா பாய் தன் கடையிலேயே வைத்து விற்றார். அவருக்கும் சர்க்கரை நோய், ஒரு பாட்டில் எப்போதும் கல்லாவுக்குக் கீழே இருக்கும். அம்சத்துக்கு ஜாமுக்கான சர்க்கரையை மூட்டையாக எடை போட்டுக் கொடுத்ததும் அவரேதான். ஒரு கையால் சர்க்கரையைக் கொடுத்துவிட்டு, மறு கையால் மருந்தென்று ஜாமை வாங்கிக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. அம்சத்துக்கும் அப்போது இல்லை.

ஆடி பாதியில் மறுபடி தஞ்சாவூர் போனார்கள். அம்சம் நிம்மதியாகவே போனாள். இவ்வளவு கட்டுப்பாட்டில் ஒரு மனுஷனை வைத்திருக்கிறோம், குறையாமல் எங்கே போகும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முன்னைவிட ஏறியிருந்தது.

"மிஷினு சரியில்லீங்க" என்றாள் அம்சம்.

"மிஷினு நல்லாத்தாம்மா இருக்கு. வீட்டுல என்ன குடுக்குறீங்க இவருக்கு?"

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அம்சத்துக்கு, தான் தினமும் அல்வா கிண்டிப் புருஷனுக்கு ஊட்டுவதாகச் சொன்னதுபோல் இருந்தது. வெந்தயம், சுண்டல், பாதிச் சோறு என்று ஒப்பித்தாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுகர் இறங்காமல் தொடமாட்டேன் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். சம்பா உழவு போய்விட்டது என்று இருவருக்கும் அந்த இடத்திலேயே தெரிந்தது. இளையபெருமாள், "சரிங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார், டாக்டரம்மா இருந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி.

திரும்பும்போது நீடாமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரைவர் ஆட்டோவை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். தஞ்சாவூரிலிருந்து அம்சம் அடக்கிக்கொண்டு வந்தது அங்கே வெடித்தது.

"காலைல எந்திரிச்சதுலேருந்து என்னா சாப்புடுறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. இப்பவே சொல்லணும்."

"வெந்தயத் தண்ணி" என்றார் இளையபெருமாள்.

"அது நான் குடுக்குறது. அப்புறம்?"

"மாத்திரை."

"அப்புறம்?"

"ஜாம்."

"என்னா ஜாம்?"

"நம்ம ஜாம்தான். கொட்டகையில இருக்குல்ல, அது. காலைல ரெண்டு கரண்டி, ராத்திரி ரெண்டு கரண்டி. வெறும் வயித்துல." சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "ராத்திரி மாத்திரைய விட்டுட்டேன். ரெண்டும் சேந்தா ரொம்ப எறங்கிடும்ல."

வழித்து வழித்து அவள் போடப்போட, அவர் எடுத்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்; பாட்டில் எப்போது பார்த்தாலும் ஒரே அளவில் இருந்ததில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னமும் வண்டியைத் தொட்டுப் பார்க்கத்தான் போகிறார் என்று பரிதாபப்பட்டு விட்டதற்குக் கிடைத்த பலன் இது.

"யாரு உங்கள அத சாப்புடச் சொன்னது?"

"நீதான அம்சம் சொன்ன. மண்டபத்துல. அன்னக்கிப் பூரா சொல்லிக்கிட்டே இருந்தியே."

"அது வாங்க வந்த ஆளுக்குச் சொன்னது."

இளையபெருமாள் இதைச் சற்று யோசித்தார். "வந்தவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா நீ சொல்லுவ?" என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

எஞ்சின் பெட்டியில் வந்து மோதிய சத்தம் கேட்டது. ஆட்டோ டிரைவர் பின்னால் திரும்பி, "அந்த ஜாம் நீங்கதாங்களா அக்கா? எங்க அப்பாவும் அதத்தான் சாப்புடுறாரு. மாத்திரையே வேணாங்குறாரு" என்றான்.

கோபம் வந்தால் அம்சம் யார் மேலாவது போட்டுவிடுவாள். டீக்கடைக்காரர் மேல், மிஷின் மேல், டாக்டரம்மா மேல், எல்லோருக்கும் மேல் புருஷன் மேல். அன்றைக்கு ரயில்வே கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் யார் யாரையோ தேடினாள். ஒருத்தரும் அகப்படவில்லை. சீழ் வச்சா கண்ணே போயிடும் என்று டாக்டரம்மா சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

"ஒங்க அப்பாவ மாத்திரைய விடக்கூடாதுன்னு சொல்லு" என்றாள் டிரைவரிடம். "அதுல பாதி சக்கரை. ஜாம் பண்றவ சொன்னான்னு சொல்லு."

வீட்டுக்குப் போனதும் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வாய்க்காலில் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து ஜாம் வாங்கிய வீடு வீடாக ஏறி இறங்கினாள். இதைவிட எரிச்சலான வேலையை அவள் பிறந்ததிலிருந்து செய்ததில்லை. விற்கும்போது ஒரு வார்த்தையில் நம்பியவர்கள், வேண்டாம் என்றால் நம்பமாட்டேன் என்றார்கள். ஒருத்திக்கு ஜாம் சாப்பிட்டதிலிருந்து கால் எரிச்சலே இல்லையாம். இன்னொருத்தி, நீ விலையேற்றத்தான் இப்படிச் சொல்கிறாய் என்று ஒளித்து வைத்துக்கொண்டாள். ஜெக்கரியா பாய் எல்லோரையும் மிஞ்சினார்.

"பாய், நீங்கதான மூட்டைய எட போட்டுக் குடுத்தீங்க. அத எங்க கொட்டுறேன்னு நெனச்சீங்க?"

"சீனி சீனிதாம்மா, நான் இல்லேங்கல. ஆனா நாவப்பழத்தோட சேந்து வெந்துட்டா அதோட குணம் மாறிடும்."

"எப்புடி மாறும்?"

"நீதானம்மா சொன்ன."

அம்சம் கல்லாவுக்குக் கீழே குனிந்து பாட்டிலை எடுத்து, அவர் கண் முன்னாலேயே திறந்து, சாலையில் நின்ற ஒரு மாட்டுக்கு முன்னால் கவிழ்த்தாள். பிறகு அவரை ரத்தம் பார்க்கும் கடைக்கு அனுப்பிவைத்தாள். சீட்டைப் பார்த்த பிறகுதான் பாய் பேச்சைக் குறைத்தார். அதன்பின் கடைக்கு வருகிறவர்களுக்கு அவரே, "இது புள்ளைங்க சாப்புடுறது, நமக்கு இல்ல" என்று சொல்லி ஜாமைக் கொடுத்தார். வியாபாரம் சரிந்தது. "இப்புடிச் சொல்லி வித்தா யாருக்கா வாங்குவா" என்று சுடர்விழி அழாத குறை. அதன்பின் அவள் வாயில் சூப்பர் வரவில்லை. அம்சம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்சமாகக் கிண்டினாள், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் கொடுத்தாள், கொடுக்கும்போதெல்லாம் பாய் சொன்னதையே சொன்னாள்.

இளையபெருமாளிடம், "ரெண்டு வேளையும் மாத்திரை போடணும். நான் சொல்லாத எதையும் வாயில வைக்கக் கூடாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவையே அதிகம். லீவுக்கு வந்த பூவிழி அப்பாவுக்கு மோர் கலக்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தம்ளர் அப்படியே அவர் கையில் இருந்தது. "அம்மா இதப்பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். பூவிழி சிரித்தாள். அம்சத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய மனுஷன் தன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முதலாக அவளுக்குப் பயமாக இருந்தது. அடுக்களைக்குள் போய், ஒரு காரணமும் இல்லாமல் பாத்திரத்தை உருட்டினாள்.

ஆவணி கடைசியில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முதலில் வலது கண். சம்பாவுக்கு வேறு யாரோ வந்து உழுதுவிட்டுப் போயிருந்தார்கள். தாளடிக்காவது வண்டி எடுக்கலாமா என்று அம்சம் கேட்டாள். பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டு, "மெதுவாத் தெறங்க அய்யா" என்றாள். அம்சம் கட்டிலுக்கு முன்னால் நின்றாள். வருகிற அவசரத்தில் தலைகூடச் சரியாக வாரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

"தெரியுதா?" என்றாள்.

இளையபெருமாள் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு பார்வை கீழே இறங்கிக் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையில் நின்றது. நகக்கண்ணெல்லாம் கறுத்து, மணிக்கட்டு வரைக்கும் ஊதா பிடித்திருந்தது. அவர் முகம் மாறியது.

"கைக்கு என்னா? சுட்டுக்கிட்டியா?"

"ஜாம்" என்றாள் அம்சம். "பழம் பெசஞ்சது. ஆனியிலேருந்து இப்புடித்தான் இருக்கு."

"நீ சொல்லவே இல்லையே."

அவளுக்குச் சுருக்கென்று வாயில் வந்தது. ஊரே கேட்டுச்சு, இதப் போயி யாராவது வீட்டுல சொல்லிக்கிட்டு இருப்பாங்களா என்று வந்தது. அதற்குள் அவர் அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பி, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். நர்ஸ் சொட்டு மருந்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊற்றிவிட்டுப் படுக்க வைக்கும்படி சொல்லிப் போனாள். பார்த்தது போதும், படுங்க என்று சொல்ல அம்சம் வாயெடுத்தாள். சொன்னால் உடனே படுத்துவிடுவார் என்று சொல்லாமல் நின்றாள்.